குடுவைப் பூஞ்சைகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே: அண்ணே, வெட்டிப்போட்ட ரம்புத்தான் கட்டையில் கரிக்கட்டி மாதிரி உருண்டைகள் வளர்கின்றன. யாராவது கொளுத்தினார்களா?

ப: இல்லை தம்பி, அது டால்டினியா என்ற பூஞ்சை. பிளந்து பாருங்கள், உள்ளே வளையம் வளையமாக இருக்கும். மேல்தோலை ஒட்டிப் பொடிப்பொடியாக, வித்து உண்டாகும் குடுவைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். குடுவைக்குள் நுண்ணிய பைகள், பைக்கு எட்டு வித்து. பெரும்பாலும் ராத்திரியில்தான் பீய்ச்சும். வெள்ளைத் தாளில் வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் கறுப்புத் தூள் கிடக்கும். கைவில்லை (சின்னப் பூதக்கண்ணாடி) ஒன்று வாங்குங்கள். வெறும் போட்டோவை வைத்து என்னைக் கேட்காதீர்கள்.

கே: செம்பனை (எண்ணெய்ப் பனை) அடியில் பலகை போலக் காளான்.

ப: கானோடெர்மா. அதற்குக் குடுவையே கிடையாது, வேறு குடும்பம். தோட்ட ஆபீசில் காட்டுங்கள்.

கே: பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் எடுக்கும் வெட்டுக்கு மேலே சாம்பல் பூசணம். மழைதான் காரணம் என்கிறார் அப்பா. கத்தி என்கிறார் மண்டோர் (கண்காணி).

ப: நல்ல சண்டை. இது செராட்டோசிஸ்டிஸ். இதன் குடுவைக்குக் கழுத்து மிக நீளம். உள்ளே பைகள் முன்பே கரைந்துவிடுவதால் டால்டினியா மாதிரி பீய்ச்சாது. வித்துகள் கழுத்து வழியே ஏறி நுனியில் பிசுபிசுப்பாகத் திரண்டு நிற்கும். தொட்டதில் ஒட்டும். அங்கே தினமும் போய்த் தொடுவது எது? மண்டோர் பக்கம் நான். பட்டை அழுகிக் கட்டை தெரிந்துவிட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, பிறகு அந்தப் பக்கம் வெட்டவும் முடியாது.

கே: மழை விட்டால் நோயும் அடங்குகிறதே! கத்தி அதே கத்திதானே?

ப: அப்பாவே வந்துவிட்டார் போல. ஐயா, ஈரம் இல்லாமல் பூசணம் பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். பூச்சியும் கொஞ்சம் சுமக்கும். ஆனால் நோய் கண்ட மரங்களை நீங்கள் வெட்டிப் போகும் வரிசையிலேயே எண்ணிப் பாருங்கள், அடுத்தடுத்த மரங்களாக இருந்தால் கத்திதான் சுமந்தது, அப்புறம் பேசுவோம். மழையை நிறுத்த முடியாது. கத்தியைத் துடைக்கலாம்.

கே: பழைய கறையான் புற்றில் கறுப்பு விரல்கள். குழம்பு வைக்கலாமா?

ப: சைலேரியா. புற்றில் வருவதெல்லாம் புற்றுக்காளான் ஆகாது. வைக்காதீர்கள்.

கே: செம்பனை அடியில் காளான்…

ப: மேலே ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், அதைப் படியுங்கள்.

கே: பாசாரில் (சந்தையில்) விற்கும் 'இமயமலைப் புழு' மாத்திரை உண்மையா?

ப: அதுவும் குடுவைக்காரன்தான். ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ், திபெத் பக்கம் 3000 மீட்டருக்கு மேலே அந்துப்பூச்சிப் புழுவின் உடலில் முளைப்பது, விலை பயங்கரம். வளர்ப்புக் கூடத்தில் அரிசியில் வளர்ப்பது கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ், வேறு இனம். புட்டியில் எந்தப் பெயர் என்று படியுங்கள். மருந்து விவரத்துக்கு டாக்டர்.

கே: கத்தியை எதால் துடைப்பது? வெறும் துணி போதுமா?

ப: போதாது. கிருமிநாசினியில் நனைத்து, ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் துடையுங்கள். நோய் கண்ட மரத்தில் வெட்டை நிறுத்தி, பூஞ்சை மருந்து பூசி ஆறவிடுங்கள். அப்பாவிடமும் சொல்லுங்கள்.