ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளிக்கூடம்

கேள்வி: கொரோனா காலத்துப் பள்ளி திறப்பைப் பற்றிப் போன இதழில் எழுதும்போது மாவட்டக் கல்வி அலுவலகங்களை ஒரு பிடி பிடித்திருந்தீர்கள். நான் அந்தத் துறையில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். மேலிடத்து உத்தரவை மாவட்டம் நிறைவேற்றியது, அவ்வளவுதான். பயந்துபோய் பிள்ளைகளை அனுப்பாமல் குழப்பியவர்கள் பெற்றோர். எல்லாம் முடிந்த பிறகு குறை சொல்வது யாருக்கும் சுலபம். அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
— ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, டர்பன்

பதில்: அந்த நாற்காலியில் இருந்திருந்தால் முதல் இரண்டு மாதம் நானும் திருதிருவென்றுதான் விழித்திருப்பேன் சார். 2020 மார்ச் 18-இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் பள்ளிகளை மூடியபோது இந்த நோய் பிள்ளைகளை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மூடலை நான் குறை சொல்லவில்லை, போன இதழிலும் சொல்லவில்லை. திரும்பவும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பெற்றோர் பயந்தார்கள் என்கிறீர்கள். சரி, அவர்கள் கண்ணில் பட்டது என்ன? ஏழாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஜூன் 1 திங்கட்கிழமை திறக்கும் என்றார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சீருடையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்த பிறகு, எட்டாம் தேதிக்கு மாற்றிவிட்டோம் என்று செய்தி வந்தது. மேற்கு கேப் மாகாணம் மட்டும் ஒன்றாம் தேதியே திறந்துகொண்டது. ஜூலை 12-இல் ஜனாதிபதி ராமபோசா டிவியில் பேசி, குறைந்த தூரம் ஓடும் மினிபஸ் டாக்ஸிகளில் ஆளை முழுசாக ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அதாவது தோளோடு தோள் இடிக்க டாக்ஸியில் வந்து இறங்குகிற பிள்ளை, வகுப்புக்குள் போனதும் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். அடுத்த பதினைந்தே நாளில், ஜூலை 27-இலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு நாலு வாரம் விடுமுறை, அதிலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு வாரம், ஏழாம் வகுப்புக்கு இரண்டு வாரம், தனியார் பள்ளிகளுக்கு இந்த உத்தரவே கிடையாது. இதையெல்லாம் பார்த்த ஒரு தாய் பயப்படாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

இவை எல்லாம் பிரிட்டோரியாவில் தேசிய அரசாங்கம் எடுத்த முடிவுகள், மாவட்டத்தின் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மாவட்டத்தின் கையில் இருந்தது வேறு.

அப்போது நான் ஒரு தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். மற்ற வகுப்புகளும் திரும்பி வருவதற்கு முன்னால், ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, தலைமையாசிரியரும் கேர்டேக்கரும் நானும் ஒரு மெஷரிங் டேப்பையும் மஞ்சள் ஒட்டுநாடாவையும் எடுத்துக்கொண்டு நாலாம் வகுப்பு அறைக்குள் போனோம். அறை ஏறக்குறைய எட்டுக்கு ஏழு மீட்டர். ஆசிரியர் மேசைக்கும் நடக்கிற வழிக்கும் இடம் விட்டு, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகத் தரையில் பெருக்கல் குறி ஒட்டிக்கொண்டே வந்தோம். இருபதோடு தரை தீர்ந்துபோனது. கேர்டேக்கர் விடாமல் இருபத்தொன்றாவதைக் கதவோரம் ஒட்டிப் பார்த்தார், அப்புறம் கதவைத் திறக்க முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்தது 43 பெயர்.

43-ஐ இருபது இருபதாகப் பிரித்தால் மூன்று கூட்டம் சார். மூன்று நாளுக்கு ஒருநாள் பள்ளிக்கூடம். எப்படியோ நெருக்கிப் பிடித்து இரண்டு கூட்டமாக்கினோம், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

இந்த இடத்தில்தான் உங்கள் பழைய சகாக்கள் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு சுற்றறிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை, ஒருவாரம் விட்டு ஒருவாரம் முறை, காலை மாலை ஷிப்ட் முறை, இவற்றில் உங்கள் பள்ளிக்கு ஏற்றதைப் படிவத்தில் குறித்து அனுப்பவும் என்று. எங்கள் தலைமையாசிரியர் போன் போட்டுக் கேட்டார்: ஷிப்ட் வைக்கிறோம், கூடுதல் ஆசிரியர் தருவீர்களா, இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் பெஞ்சு துடைக்க ஆள் தருவீர்களா? சுற்றறிக்கையை இன்னொரு முறை படியுங்கள் என்று பதில் வந்தது. அதே வாரம், கட்டணம் வாங்குகிற பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழு தன் காசில் இரண்டு ஆசிரியர்களைப் போட்டு வகுப்பைப் பிரித்துக்கொண்டது. அது தப்பில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கும் கட்டணமே வாங்காத பள்ளிக்கும் ஒரே சுற்றறிக்கை, ஒரே படிவம், ஒரே கடைசி தேதி என்றால், நடுவில் மாவட்டம் என்று ஓர் அலுவலகம் எதற்கு? பிரிட்டோரியாவிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பிவிடலாமே.

ஷிப்ட் முறை நமக்குப் புதிதா சார்? நேட்டாலில் நம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் போதுமான பள்ளி கட்டாத காலத்தில், நம் ஊர்க்காரர்கள் பென்னி பென்னியாகச் சேர்த்து, அரசு மானியத்தோடு சுவர் எழுப்பினார்கள். அப்படிக் கட்டியும் இடம் போதாமல், காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று பிளட்டூன் வகுப்பு நடந்தது. என் அம்மா 1950களில் அதில் படித்தவள். மத்தியானம் உள்ளே போனால் காலை வகுப்புப் பிள்ளைகள் எழுந்துபோன பெஞ்சு இன்னும் சூடாக இருக்குமாம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நிறவெறி அரசாங்கம் நமக்குச் செய்த அவமானம் அது. ஆனாலும் அந்த அவமானத்துக்குள்கூட இடம் கிடைத்த பிள்ளை ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போனது. 2020-இல் ஷிப்ட் நடத்துவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர்களுக்கு இரட்டை வேலை, அவர்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதிகம், பஸ் நேரமும் ஒத்துவராது. இருக்கட்டும், பத்துப் பள்ளியில் முயன்று ஆறில் தோற்றுப்போனோம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஒன்றில்கூட முயலவில்லை.

சாப்பாட்டு விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. நாட்டில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிச் சத்துணவை நம்பி இருக்கிறார்கள். பள்ளி திறந்தால் எல்லா வகுப்புக்கும் சாப்பாடு உண்டு என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் திரும்பி வந்த வகுப்புகளுக்கு மட்டும் என்று அமைச்சகம் பின்வாங்கியது. கல்வி உரிமைக்காகப் போராடும் ஈக்குவல் எஜுகேஷன் அமைப்பும் லிம்போபோ மாகாணத்தின் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் வழக்குப் போட்டு, 2020 ஜூலை 17-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், பிள்ளை பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் சாப்பாடு போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவு நம் குவாசுலு நேட்டால் மாகாணத்துக்கும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகும் முறை இல்லாத நாளில் கேட் ஓரம் டப்பாவோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன், ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் ஒரு கரண்டி சாம்ப் என்கிற மக்காச்சோள நொய்க்கும் பீன்ஸுக்கும் அவ்வளவு தூரம் நடந்து வரவில்லை. யாருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாவட்டத்தில் யாராவது கணக்கெடுத்தார்களா?

ஏதோ இரண்டு மாதம் நடந்ததை ஊதிப் பெரிதாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு இடைவெளியை ஒரு மீட்டராகக் குறைத்துத் தினமும் வரலாம் என்றார்கள், அப்போதும் எங்கள் அறையில் 43 பேர் கொள்ளவில்லை. 2022 ஜனவரி 31-இல் இடைவெளி விதியையே எடுத்த பிறகுதான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் அரை வருகை. நம் டர்பன் பக்கத்துக் கேட்வே மால் அதற்குள் எத்தனை தள்ளுபடி விற்பனை நடத்தி முடித்திருக்கும்! 2021-இல் எடுத்த சர்வதேச வாசிப்புத் தேர்வில் நம் நாட்டு நாலாம் வகுப்பில் நூற்றுக்கு 81 பிள்ளைகளுக்கு, படித்ததன் பொருள் புரியவில்லை. 2016-லேயே அது 78 என்பதால் பழி முழுவதும் கொரோனாவுக்குப் போகாது. ஏற்கெனவே அந்த நிலையில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் பாதி நாளை வெட்டினோம்.

சரி, நான் என்ன செய்திருப்பேன்? முதல் வேலையாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆளை டேப்போடு அனுப்பியிருப்பேன். எந்தப் பள்ளியில் இடம் போதும், எதில் போதாது என்று ஒரு பட்டியல். போதாத பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் என்ன பூட்டிக் கிடக்கிறது என்று இன்னொரு பட்டியல். கல்யாணம் இல்லை, விழா இல்லை, கோயில் மண்டபங்கள் எல்லாம் காலியாகக் கிடந்த காலம் அது. எங்கள் கோயில் மண்டபத்தில் இரண்டு வகுப்பு தாராளமாக உட்காரும், தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு. கமிட்டியிடம் நான்தான் பேசினேன். தயங்கினார்கள், காப்பீடு, பொறுப்பு என்று இழுத்தார்கள், கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் தருகிறோம் என்று சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அரைப் பக்கக் கடிதம் சார். மூன்று முறை கேட்டு எழுதினோம். சாவி என் மேசை டிராயரில் மாதக்கணக்கில் கிடந்தது. மறுபடியும் கல்யாணங்கள் தொடங்கியதும் கமிட்டிச் செயலாளர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.