ஓய்வுக்குப் பின் குவில்ட் தொழில்: மெஷினுக்கு முன் என்ன வாங்க வேண்டும்?

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து இந்த வருடம் ஓய்வுபெற்றேன். மகள் வீட்டில் குவில்ட் போர்வையைப் பார்த்ததிலிருந்து, தைத்து விற்றால் என்ன என்று ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் 48,000 ரூபாய் கட்டினால் மெஷின் தந்து, பத்து நாள் சொல்லிக்கொடுத்து, தைப்பதை அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். வீட்டில் அம்மா காலத்துக் கறுப்பு மெஷின் சும்மா கிடக்கிறது. பணம் கட்டலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம்.

மெஷின் எவ்வளவு, வகுப்பு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். 'நாங்களே வாங்கிக்கொள்வோம்' என்பதில்தான் பெரிய ஓட்டை. மாதம் எத்தனை, என்ன விலை, எத்தனை நாளில் பணம், தரம் சரியில்லை என்று சொல்வது யார்? இவை எழுத்தில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என் சித்தி ஒருவர் ஊதுபத்தி உருட்ட இப்படித்தான் பணம் கட்டினார். முதல் மூட்டையே 'தரம் போதாது' என்று திரும்பி வந்தது. ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பூஜைக்கு ஊதுபத்தி வாங்கவே இல்லை.

குவில்ட் என்பது மூன்றடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இதற்கு நேர்த்தையல் போதும். பூவேலை போடும் கம்ப்யூட்டர் மெஷின் தேவையில்லை. உங்கள் கறுப்பு மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினாலே ஆரம்பிக்கலாம். 'வாக்கிங் ஃபூட்' என்று ஒரு காலடி (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மட்டும் கூடுதலாக வேண்டும். அது மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும். அது இல்லாவிட்டால் மேலடுக்கு பிந்திப்போய்ச் சுருக்கம் விழும். இப்போதிருக்கும் காலடியைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். எல்லாக் காலடியும் எல்லா மெஷினிலும் உட்காராது.

புது மெஷின்தான் வேண்டுமென்றால் டேப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவிலுள்ள இடத்தை அளந்து பாருங்கள். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் ஆறேழு அங்குலம்தான் இருக்கும். டபுள் காட் போர்வையைச் சுருட்டி அந்தச் சந்தில் நுழைத்துத் தள்ளுவது தோள்பட்டைக்கு ஆகிற காரியமில்லை, அதுவும் அறுபதுக்கு மேல்.

இன்னொரு கணக்கு. 90-க்கு 100 அங்குலப் போர்வையை மூன்று அங்குலச் சதுரங்களாகத் தைத்தால் ஏறக்குறைய ஆயிரம் துண்டு. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்ட, 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) மேல்பக்கத்துக்கு மட்டும் ஏழு மீட்டருக்கு மேல் போகும். கால் அங்குலம் என்பது ஒவ்வொரு தையலிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால், இருபக்கத் துணியிலும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் குறையும். அகலவாக்கில் வரிசைக்கு 30 சதுரம், 29 தையல். போர்வை இரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும். பத்து நாள் வகுப்பில் இந்தக் கை வராது.

அதனால் முதலில் பழைய பருத்திச் சேலையில், வங்காளத்துக் காந்தா போல, ஓட்டுத்தையலில் குழந்தைப் போர்வை ஒன்று கையாலேயே தைத்துப் பாருங்கள். செலவு ஊசியும் நூலும்தான். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நோட்டில் எழுதுங்கள். அந்த மணிக்கணக்கைக் கூலியாக்கி விலை சொன்னால் தெரிந்தவர்கள் வாங்குவார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் மெஷின் கடைக்குப் போகலாம்.

வாங்கும்போது பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் வாதாடலாம். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 2(7) சொல்கிறது. நாலு பேரை வேலைக்கு வைத்து யூனிட் போட்டால் உங்கள் பக்க வாதம் பலவீனமாகிவிடும். பில் தர மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான்.

கேள்வி: 'நூறு சதம் காட்டன்' என்று ஆன்லைனில் வாங்கிய பஞ்சு விரிப்பு வழவழவென்று இருக்கிறது. பாலியஸ்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கரூர்

பதில்: ஓரத்தில் ஒரு சிட்டிகை பிய்த்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்படமென்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். கொளுத்துமுன் லேபிளோடு போட்டோ எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. விற்பவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம்.