கடல் பூஞ்சையும் மூளை அழற்சியும்: வாசகர் கேள்வி பதில்

கே: மறதி நோயுள்ள என் மாமியாருக்கு (74) “கடல் பூஞ்சைச் சாறு, மூளை அழற்சியைத் தணிக்கும்” என்று ஒருவர் மாத்திரை விற்கிறார். ஒரு மாதமாகக் கொடுக்கிறோம். முதல் வாரமே மூட்டு வலி போய்விட்டது, பசியும் கூடியிருக்கிறது. தொடரலாமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

ப: அந்தச் சுகம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. வலி சட்டென்று பறப்பது, பசி கூடுவது, முகம் உப்புவது எல்லாம் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால் நடப்பவை. இந்நாட்டில் பிடிபட்ட போலி மருந்துகளில் அது பலமுறை அகப்பட்டிருக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். ஆனால் ஒரு மாதம் சாப்பிட்டவர் நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோல் சுரப்பைக் குறைத்திருக்கலாம். அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். டப்பாவோடு உடனே மருத்துவரிடம் போங்கள், நிறுத்தும் முறையை அவர் சொல்வார்.

டப்பாவில் ‘எம்.ஏ.எல்.’ (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கிறதா? அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் மலேசிய அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் தேடி, வரும் பெயர் டப்பாவில் உள்ளதுதானா என்று ஒப்பிடுங்கள். கடைசி எழுத்து ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ (N) என்றால் சத்துப் பொருள். இரண்டுமே ‘மூளை நோயைக் குணமாக்கும்’ என்பதற்குச் சான்றல்ல.

கடல் பூஞ்சையிலிருந்து மூளை அழற்சிக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது. நிலத்துப் பூஞ்சைக்கு அந்தப் பெருமை உண்டு: பூச்சிகளில் வளரும் ஒரு பூஞ்சையின் மிரியோசின் என்ற பொருளை மாற்றியமைத்துப் பிறந்த ஃபிங்கோலிமோட், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு அழற்சி நோய்க்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கே முதல் மாத்திரை விழுங்கியதும் ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கண்காணிக்கிறார்கள். வீடு தேடி வந்து விற்கும் சமாசாரம் இல்லை.

கே: அலையாத்திச் சேற்றிலிருந்து எடுத்த பூஞ்சையின் சாறு, எல்.பி.எஸ். (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருள்) கொடுத்த பி.வி-2 செல்களில் (சுண்டெலி மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா) அழற்சியின் அடையாளமான நைட்ரிக் ஆக்சைடை 80 விழுக்காடு குறைத்தது. ‘அழற்சி எதிர்ப்பு’ என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– இறுதியாண்டு மாணவர், கோலாலம்பூர்

ப: இப்போது வேண்டாம். செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்காது. பூஞ்சைச் சாறுகளில் கிளியோடாக்சின் போன்ற நஞ்சுகள் சகஜம். அதே செறிவில், அதே 24 மணி நேரத்துக்கு எம்.டி.டி. சோதனை (உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக்கும்) செய்து, உயிர்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் செறிவுகளை மட்டும் கணக்கில் வையுங்கள். சாறே எம்.டி.டி.யை ஊதாவாக்கிச் செத்த செல்லை உயிரோடு காட்டுவதும் உண்டு. செல் போடாத கிணறு (சோதனைத் தட்டின் குழி) ஒன்று கூடவே ஓடட்டும்.

அடுத்தது கிரீஸ் (Griess) கரைசல். அது அளப்பது, நைட்ரிக் ஆக்சைடு மாறி உண்டாகும் நைட்ரைட்டை. செல்களின் மேல் நிற்கும் திரவம் 100 மைக்ரோலிட்டர், அதே அளவு கரைசல், 10 நிமிடம், 540 நானோமீட்டர். சிவப்பு, ஆரஞ்சு நிறச் சாறு அங்கேயே ஒளியை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும். செல் இல்லாத ஊடகத்தில் சாற்றோடு தெரிந்த அளவு சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்துப் பாருங்கள். போட்டது திரும்பக் கிடைக்காவிட்டால் உங்கள் சாறு அழற்சியைத் தடுக்கவில்லை, வினையைக் கெடுத்திருக்கிறது. சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் கிணறுகளிலும் சமமாக, 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கட்டும்.

இவ்வளவும் தாண்டினால் அழற்சியில் பெருகும் ஐ-நாஸ், காக்ஸ்-2 புரதங்களை, புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள். அப்போதும் ‘சுண்டெலி மைக்ரோகிளியாவில்’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்க வேண்டும். இரத்த–மூளைத் தடுப்பைத் தாண்டுமா என்பதை இந்தச் சோதனை தொடவே இல்லை.

கே: கருவாட்டில் பூத்திருப்பது கடல் பூஞ்சையா? துடைத்துவிட்டுச் சமைக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

ப: பெரும்பாலும் கரையில், ஈரமான கிடங்கில் ஒட்டியது. அதில் அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை இருந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அடுப்புச் சூட்டில் அது அழியாது. வீசிவிடுங்கள். இளஞ்சிவப்பாகப் படர்ந்தால் அது பூஞ்சையே அல்ல, உப்பில் வாழும் வேறு நுண்ணுயிர். அதுவும் கெட்டுப்போனதுதான்.