அண்ணாச்சி பதில்கள்: சைனீஸ் சாப்பாடும் அதன் பில்லும்

ஃபாஸ்ட் ஃபுட் கடை, சைனீஸ் சமையல் பற்றிக் கேளுங்கள் என்று எழுதியதுதான் தாமதம், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற புளியரைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப்பேர் கேள்வியை விட்டுவிட்டு, தின்றதை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அதை வெட்டிவிட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, குற்றாலம் சீசனுக்கு வந்த சொந்தக்காரங்களோட ஏ.சி. ரெஸ்டாரன்ட் போனோம். நூடுல்ஸ், சில்லி சிக்கன், சூப் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய். அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கும் மேல ஜிஎஸ்டி. கேட்டா, "கவர்மென்ட் ரூல் சார்"ங்கிறார் மேனேஜர்.
– கடையநல்லூர் வாசகர்

பதில்: ரூல் இருக்கிறது, ஆனால் அவர் சொல்வதற்கு நேர் எதிராக. ஹோட்டல்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் 200, அதன் மேலும் 5 சதவீத வரி. 2,100 கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் 2,310 கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன்னால், "இதை எடுத்துட்டுப் புது பில் போடுங்க" என்று சொல்லுங்கள். மறுத்தால் அங்கே உட்கார்ந்தபடியே 1915-க்குப் போன் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண். பரிமாறிய பையனுக்குக் கையில் ஏதாவது கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், அது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள சங்கதி.

கேள்வி: அதே மாதிரி ஏ.சி. கடையில 20 ரூபாய் தண்ணி பாட்டிலுக்கு 40 போட்டான். எம்ஆர்பிக்கு மேல விக்கலாமா? கேஸ் போடலாமா?
– சுரண்டை

பதில்: உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சாதாரணத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

கேள்வி: புளியரை ரோட்டுல ஒரு கடை. ரெண்டு எக் ஃப்ரைட் ரைஸ், ஒரு கோபி மஞ்சூரியன், 300 ரூபாய். பில்லுல "டாக்ஸ் 15"னு தனியா போட்டிருக்கு. ஜிஎஸ்டி நம்பர் எதுவும் இல்ல. 15 ரூபாய்க்குப் போயி சண்டை போடுறதான்னு வந்துட்டேன்.
– செங்கோட்டை

பதில்: போட்டிருக்க வேண்டும். இதில் எனக்கு ரொம்ப நாள் எரிச்சல், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் வரி என்று சொல்லி வாங்கும் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்க வேண்டும், அந்த எண் பில்லில் இருக்க வேண்டும். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தின் எண்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது உண்மைதான், ஆனால் இன்றைக்கு செங்கோட்டைக் கடை பில்லில் 33 இருக்க வேண்டும், எல்லை தாண்டி ஆரியங்காவு போனால் 32. வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை, ஆக 5 சதவீதம். ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 5. "கேரளாவில டாக்ஸ் ஜாஸ்தி சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு பில்லைக் கேளுங்கள்.

எண் இல்லாத கடை வரி வாங்கவே கூடாது. எண் இருக்கிற கடை எல்லாமும் வாங்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் செய்கிற ஹோட்டல், காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தால் 5 சதவீதத்தைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், சாப்பிட வந்தவரிடம் வசூலிக்க முடியாது. வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று பில்லின் தலையிலேயே அச்சடிக்கவும் வேண்டும். எத்தனை கடையில் அந்த வாசகத்தைப் பார்த்திருக்கிறீர்கள்? கல்லாப்பெட்டி மேல் சாமி படம் இருக்கும், பூ இருக்கும், அந்த வாசகம் மட்டும் இருக்காது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த 15 எழுத்தைப் போட்டால், கடை சாதாரணப் பதிவா காம்போசிஷனா என்று சும்மாவே காட்டும். லாகின் கூட வேண்டாம்.

15 ரூபாய் உங்களுக்குச் சின்னது. அந்தக் கடையில் ராத்திரிக்கு எத்தனை பார்சல் போகிறது என்று வாசலில் நின்று பாருங்கள், அப்புறம் சின்னதா என்று சொல்லுங்கள். அரசுக்கும் போகாத, உங்களுக்கும் திரும்பாத காசு அது.

கேள்வி: சோயா சாஸ் ஒண்ணு 45 ரூபாய், இன்னொண்ணு 190 ரூபாய். ரெண்டும் கறுப்பா, உப்பா தான் இருக்கு. எதுக்கு அவ்வளவு வித்தியாசம்? வீட்ல வாரம் ஒரு தடவை நூடுல்ஸ் செய்வோம்.
– பாவூர்சத்திரம்

பதில்: நல்ல கேள்வி, தாயி. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். புளிக்கவைத்த சாஸ் என்றால் தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு, இவ்வளவில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஊறுவதால் விலை. மலிவு பாட்டிலில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, கேரமல் நிறம், ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன் என்று இருக்கும். சோயாவை அமிலத்தில் சில நாளில் கரைத்து, நிறம் ஏற்றியது. விஷம் ஒன்றுமில்லை, ஆனால் மணம் இருக்காது. மணம் வரவில்லையே என்று நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், உப்புதான் ஏறும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுக்க 2,000-க்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாரம் ஒருமுறை செய்கிற வீட்டுக்கு நல்லதில் சின்ன பாட்டில் போதும். திறந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாங்கும்போது எம்ஆர்பி பக்கத்தில் ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சடித்திருப்பார்கள், அதை ஒப்பிடுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நான் ஒரு லிட்டர் டார்க் சோயா வாங்கி வந்தேன். நிறத்துக்கு நாலு சொட்டு விடுகிற சரக்கு அது. எங்கள் வீட்டு அம்மா இப்போதும் விருந்தாளி வந்தால் அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டுகிறார்.

சோயா, ரெட் சில்லி, கிரீன் சில்லி மூன்றும் சேர்த்து காம்போ விற்பார்கள், வேண்டாம். கிரீன் சில்லி சாஸுக்குப் பதில் நாலு பச்சை மிளகாயும் இரண்டு பல் பூண்டும் அரைத்து வினிகர் விட்டால் முடிந்தது. வினிகர் பாட்டிலில் சிந்தெடிக் என்று போட்டிருந்தால் அசிட்டிக் ஆசிட்டைக் கரைத்தது, புளிக்கவைத்தது இல்லை. தக்காளி சாஸ் அடுக்கில் காண்டினென்டல் சாஸ் என்று ஒன்று மலிவாக உட்கார்ந்திருக்கும். அதில் தக்காளியைத் தேடாதீர்கள்.

கேள்வி: ஹாஸ்டல் பசங்க நாங்க. ஆளுக்கு 100 ரூபாய்தான். சைனீஸ் கடையில எது வாங்கினா வயிறு நிறையும்?
– தென்காசி, கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, முட்டை ஃப்ரைட் ரைஸ் அல்லது முட்டை நூடுல்ஸ். கடைக்கு வெளியே அடுப்பு இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். மாஸ்டர் ஒரு ப்ளேட்டுக்கு எத்தனை முட்டை உடைக்கிறார் என்பது கண்ணெதிரே தெரியும். இரண்டு உடைத்தால் நல்ல கடை. நாலு ப்ளேட்டுக்குச் சேர்த்து மூன்று உடைத்துவிட்டு கரண்டியால் சட்டியைத் தட்டித் தட்டிச் சத்தம் காட்டினால், அடுத்த கடைக்கு நடங்கள்.

கோபி மஞ்சூரியன் வாங்காதீர்கள். ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் சுண்டு விரல் நுனி அளவு காலிஃபிளவர், சுற்றிலும் மைதாவும் சோளமாவும். போன்லெஸ் சில்லி சிக்கனிலும் இதே வேலை நடக்கும். கிரேவி என்று கேட்டால் இன்னும் மோசம், சோளமாவு கரைத்த தண்ணீருக்கு ட்ரையை விடக் கூடுதல் காசு. எலும்போடு சிக்கன் போடுகிற கடை இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபுல் வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். எலும்பை யாரும் மாவில் செய்ய முடியாது.

கேள்வி: வீட்ல ஃப்ரைட் ரைஸ் செஞ்சா கடை ருசி வரல. ஹை பிரஷர் அடுப்பு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். வீட்டு சிலிண்டர்லயே மாட்டிக்கலாம்னு கடைக்காரர் சொல்றார். வாங்கட்டுமா?
– சங்கரன்கோவில்

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கடைக்காரரிடம் இனி தீப்பெட்டி கூட வாங்காதீர்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டருக்கு வீட்டு ரெகுலேட்டர்தான். அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவாக விடுவதுதான் அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு ஹை பிரஷர் மாட்டினால் சட்டப்படியும் தப்பு, வீடும் தங்காது. கடைக்காரர்கள் வைத்திருப்பது 19 கிலோ வணிகச் சிலிண்டர், திறந்த வெளி, எரிந்தால் ஓடுவதற்கு ரோடு.

இருக்கிற அடுப்பிலேயே ருசி வரும். தப்பு எங்கே என்றால், ஐந்து பேர் சோற்றை ஒரே சட்டியில் கொட்டுகிறீர்கள். சட்டி ஆறிவிடும், சோறு வதங்காமல் வேகும். ஒரு தடவைக்கு ஒரு ப்ளேட். இரும்புச் சட்டி புகையும் வரை காய வேண்டும். அரிசி பாஸ்மதியோ சீரகச் சம்பாவோ, குழையாமல் வடித்துத் தட்டில் பரப்பி, சூடு ஆறியதும் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தது. சமையல்கட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த சோறு வேண்டாம். அதில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்ப வறுத்தாலும் போகாது. சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் விடுங்கள், பொங்கிச் சுருண்டு மணம் கிளம்பும். கேரளாவில் புனலூர் பக்கம் சாப்பிடுகிற தடித்த சிவப்பு மட்டை அரிசியில் முயற்சி செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: புனலூர்ல சாயங்காலம் சில்லி சிக்கனும் நூடுல்ஸும் பார்சல் வாங்கினோம். ரயில்ல வந்து, களைப்புல வச்சுட்டு, காலையில சாப்பிட்டோம். மூணு பேருக்கும் வயித்துப்போக்கு. கடை மேல கேஸ் போடணும்.
– இலஞ்சி

பதில்: பார்சல் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை என்ன செய்தீர்கள்? 2023 ஜனவரி முதல் கேரளாவில் பார்சலில் செய்த தேதி, நேரம், எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டியாக வேண்டும். ஒட்டவில்லை என்றால் கடையின் மேல் தப்பு, உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். ஒட்டியிருந்தும் ராத்திரி முழுக்க மேசையில் வைத்துச் சாப்பிட்டீர்கள் என்றால், கேஸ் போடுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள்.

கேள்வி: அஜினமோட்டோ போட்டா நரம்பு போகும்ங்கிறா என் மருமக. கடைச் சாப்பாடே வேண்டாம்ங்கிறா.
– வாசுதேவநல்லூர்

பதில்: நரம்பு போகாது. 1908-ல் ஜப்பானில் கண்டுபிடித்த சுவையூட்டி. அதில் 12 சதவீதம் சோடியம், நம் உப்பில் 39. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வேண்டாம். மற்றபடி, கடைச் சாப்பாட்டைக் குறைக்கலாம் என்கிற மருமகள் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: போன்ல விளம்பரம் பார்த்து கனமான இரும்புச் சீனச்சட்டினு 1,499 கொடுத்து வாங்கினேன். வந்தது தகரம் மாதிரி, கறுப்பு பெயின்ட் அடிச்சது. முதல் தடவை எண்ணெய் ஊத்துனதுமே உரிஞ்சு வந்துருச்சு. திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். கம்பெனி வெளிமாநிலம்னு சொல்றாங்க. தையல் வேலை பார்த்துச் சேர்த்த காசு, அண்ணாச்சி.
– புளியரை

பதில்: தங்கச்சி, விடாதீர்கள். ஒரு பொருட்காட்சியில் இதே கதையில் நானும் ஒரு நான்ஸ்டிக் சட்டி வாங்கினேன். பில் தராமல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான், எனக்கு வழியில்லை. உங்களுக்கு ஆர்டர் எண் இருக்கிறது, விளம்பரப் படம் இருக்கிறது, உரிந்த சட்டி இருக்கிறது. மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

ஆன்லைன் கடைக்குக் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதி. அவருக்கு எழுதுங்கள், 1915-லும் பதியுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட், அதாவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வெளிமாநிலம் என்று பயமுறுத்துவதை நம்ப வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி என்கிற நுகர்வோர் வழக்கு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடம் கெடு, ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். எழுத உதவி வேண்டுமென்றால் திரும்ப எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

அடுத்த சட்டியைத் தென்காசிக்குப் போய், கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கொல்லத்துல ஒரு கடையில ஒரிஜினல் சைனா சாஸ் கிடைச்சுது. பாட்டில் முழுக்கச் சீன எழுத்து. விலையும் போடல. நம்பி வாங்கலாமா?
– ஆரியங்காவு

பதில்: இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், எம்ஆர்பி, நமக்குப் புரிகிற எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாததை வாங்கிவிட்டு இதற்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த மாதம் என்னைக் கேட்கக்கூடாது.