கலாமஸ் கேட்டால் முள் செடி வருகிறதே?

கேள்வி: தொட்டியில் வளர்க்க வசம்பு வேண்டுமென்று இணையத்தில் 'கலாமஸ்' என்று தேடி ஒரு கன்று வாங்கினேன். வந்ததில் தண்டெல்லாம் முள். பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் இறகுப் படத்திலும் கலாமஸ் என்று போட்டிருக்கிறது. எதுதான் கலாமஸ்?

முள் இருக்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம், அது பிரம்பு. வசம்பில் முள் கிடையாது.

தாவரத்தின் அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். 'கலாமஸ்' முதலில் வந்தால், உதாரணமாக கலாமஸ் ரோடாங், அது பிரம்பு. பனைக் குடும்பத்துக் கொடி, பக்கத்தில் மரம் கிடைத்தால் பற்றிக்கொண்டு ஏறிவிடும். அதே சொல் இரண்டாவதாக, அக்கோரஸ் கலாமஸ் என்று வந்தால்தான் நம் வசம்பு, பாட்டிமார் 'பேர் சொல்லாதது' என்பார்களே, அதுவேதான். இரண்டுக்கும் உறவெல்லாம் இல்லை. அடுத்த முறை கடைக்காரரிடம் 'அக்கோரஸ்' என்றே கேளுங்கள், கையில் கிடைத்ததும் இலை நுனியைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்: வாள் மாதிரி நீண்ட இலை, நடு நரம்பு சற்று ஒதுங்கி ஓடும், வாசனை சட்டென்று ஏறும். தொட்டி மண் எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும், வாய்க்கால் ஓரத்துச் செடி அது.

சரி, இறகு எங்கிருந்து வந்தது? கலாமஸ் லத்தீன் சொல், கிரேக்கத்தில் கலமோஸ், பொருள் நாணல். அந்தக் காலத்தில் நாணல் தண்டைச் சீவித்தான் எழுதினார்கள், அதனால் நாணலின் பெயரே எழுதுகோலுக்கும் ஆனது. இறகின் அடியில், தூவி எதுவும் ஒட்டாமல் உள்ளே வெறும் குழலாக இருக்கும் பகுதியும் பார்க்க நாணல் துண்டு போலவே இருக்கும், உயிரியலில் அதற்கும் இதே பெயர். ஒரு காக்கை இறகை எடுத்து அடியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். அரபியில் அந்தச் சொல் கலம். கலம்காரித் துணிக்குப் பெயர் வந்தது அப்படித்தான், மூங்கில் குச்சியால் வரைவது. ஓட்டலில் 'கலமாரி' என்று பொரித்துத் தருகிற கணவாய்க்கும் இதே வேர்தான், அதன் வயிற்றில்தான் மையே இருக்கிறதே!

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வசம்பைச் சுட்டு உரசிக் கைக்குழந்தை நாக்கில் தடவாதீர்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் நஞ்சுத்தன்மை உள்ளது, அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். செடியை வாசனைக்கு வையுங்கள், போதும். வந்த பிரம்பைத் தூக்கிப்போட மனமில்லை என்றால் வேலியோரம் நடலாம், ஆனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.