பழசும் பழுதும்: 14 கட்டு சவுங்

கேள்வி: வணக்கம் ஐயா. பழைய சாமான் கடையில், சைக்கிள் டயர்களுக்கு அடியில் ஒரு சவுங் கிடந்தது, பர்மியர் மடியில் வைத்து மீட்டுகிற அந்த வளைந்த கழுத்து நரம்பு வாத்தியம். விட்டுவர மனசில்லாமல் வாங்கிவிட்டேன். தோலில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். சிவப்பு அரக்கு செதில் செதிலாக உதிர்கிறது. ஆறு நரம்புதான் மிச்சம். ஆனால் வளைந்த கழுத்தில் 14 இடத்தில் கயிறு கட்டிய தழும்பு தெரிகிறது. கழுத்தும் லேசாக ஆடுகிறது. பெயின்ட் அடித்து ஷோகேஸில் வைத்துவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். எனக்கு வாசிக்க ஆசை. சின்ன வயதில் கோயிலில் தேவாரம் பாடிய அளவுக்குத்தான் சங்கீதம் தெரியும். வயது 46. தேறுமா? சவுங்கைப் பற்றியும் கேட்கிறேன், என்னைப் பற்றியும் கேட்கிறேன்.
– வாசகி, மோல்மீன்

பதில்: இரண்டும் தேறும் அம்மா. பெயின்ட் டப்பாவை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ரங்கூன் தாம்வேயில் நாற்பது வருஷம் மேஜை நாற்காலி செய்தவன் நான். மர வேலை தெரியும் என்ற திமிர் நிறையவே இருந்தது. பழைய சவுங் ஒன்று கைக்கு வந்தபோது மர வேலையை நானே முடித்துவிட்டு, தோல் வேலையை மட்டும் ஒருவரிடம் கொடுத்தேன். அந்த மனுஷன் மோட்டார் வண்டிக்கு அடிக்கிற பெயின்டைத் தோல்மேலேயே மூன்று கோட் அடித்துக் கொடுத்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து சேர்ந்தது. மீட்டிப் பார்த்தால் அஞ்சறைப்பெட்டியைத் தட்டின சத்தம்! மழுங்கின கத்தியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுரண்டினேன். பாதி இடத்தில் பெயின்டோடு தோலும் வந்துவிட்டது. சவுங் பாடுவது தோலால்தான். அதன்மேல் ஏறுகிற ஒவ்வொரு பூச்சும் அதன் வாயைப் பொத்தும்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். மிச்சமிருக்கும் ஆறு நரம்பையும் தளர்த்திவிட்டுச் சவுங்கை மடியில் வையுங்கள். வளைவின் நுனியில் அரசிலை மாதிரி செதுக்கியிருக்கும் இடத்தைப் பிடித்து மெல்ல அசையுங்கள். சத்தமில்லாமல் அசைந்தால் பொருத்து தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 'கிரீச்' என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். அந்தக் கழுத்து ஷா மரத்தின் வேர். வெற்றிலைக்குக் காசுக்கட்டி காய்ச்சுகிறார்களே, அதே மரம்தான். மண்ணுக்குள் தானாகவே வளைந்து வளர்ந்த வேரைத் தேடி எடுத்துச் செதுக்கியது என்பதால், உடைந்தால் மாற்று லேசில் கிடைக்காது. ஆணி, ஸ்குரூ, எபாக்ஸி எதுவும் கிட்டே வரக்கூடாது. வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றிக் கட்டிவைத்தால் போதும். முப்பது வருஷம் கழித்து இன்னொருவர் பிரிக்க நேர்ந்தால், வெந்நீர் பட்டதும் விட்டுக்கொடுக்கும் பசை அது ஒன்றுதான்.

உடம்பு படாக் மரம். பர்மியப் புத்தாண்டு திஞ்ஜான் சமயத்தில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுமே, நம் வேங்கைக்குத் தங்கச்சி. அதற்குச் சுலபத்தில் ஒன்றும் ஆகாது. தோலில் உள்ள நாலு ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், மெல்லிய பிரஷ் விட்டுத் தூசியை எடுங்கள். என் சவுங் வயிற்றுக்குள் எலி கடித்த காகிதம், ஒரு துண்டுப் பாக்கு, 25 பியா காசு ஒன்று. காசைத் திரும்ப உள்ளேயே போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கலகலத்துக்கொண்டே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இனித் தோல். நெடுக ஓடுகிற மரச்சட்டத்தில்தான் நரம்புகளின் அடிமுனை கட்டியிருக்கும். கிழிசல் அந்தச் சட்டத்தை ஒட்டி இருந்தால் ஒட்டுப்போட்டுப் பிரயோஜனமில்லை, புதுத் தோல்தான். ஓரத்தில் இருந்தால் மெல்லிய தோல் துண்டை வஜ்ஜிரத்தால் ஒட்டிப் பாருங்கள். மான் தோல்தான் வழக்கம் என்று யாராவது சொல்வார்கள். அதற்காக அலைய வேண்டாம். தமின் மான் சட்டப்படி காக்கப்பட்ட விலங்கு. மத்தளக்காரரிடம் கேட்டால் மெல்லிய கன்றுத்தோல் கிடைக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு இழுத்துக் கட்டி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அவசரமாக இறுகித் தையலைப் பிய்த்துக்கொள்ளும்.

உங்கள் ஊர் மோல்மீன். வைகாசி தொடங்கி ஐப்பசி வரைக்கும் துணி காயாத ஊர். அந்தக் காற்றில் தோல் இறுகாது. கார்த்திகை, மார்கழியில் தோல் வேலையை முடியுங்கள். ஆனால் அதற்குமேல் பூசும் அரக்கு நேர் எதிர் குணம். தித்ஸி என்கிற மரப்பால் அது. வெயில் பட்டு உலராது, ஈரக் காற்றில்தான் இறுகும். பாகானில் அரக்குச் சாமான் செய்கிறவர்கள் நிலவறைக்குள் அடுக்கி வைப்பது இதற்காகத்தான். நான் பழைய அலமாரிக்குள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு அதற்குள் வைத்தேன். ஒரே சாமான், வயிற்றுக்கு வறட்சி கேட்கிறது, சட்டைக்கு ஈரம் கேட்கிறது. மாமியார் மருமகளை ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கிற மாதிரிதான். பூச்சு மெல்லிசாக இருக்கட்டும். கையுறை இல்லாமல் தித்ஸியைத் தொடாதீர்கள். என் முழங்கை வரை கொப்புளம் வந்து, பத்து நாள் வீட்டில் ஒருத்தரும் என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

அந்த 14 தழும்புக்கு வருவோம். இப்போது செய்கிற சவுங்குக்கு 16 நரம்பு. பழைய காலத்தில் குறைவு. 1766 முதல் 1853 வரை வாழ்ந்த அரசவைக் கவிஞர் மியவடி மிஞ்ஜி ஊ சா அதைப் பதின்மூன்றாக்கினார், அரசவைக் கலைஞர் மவுங் மவுங் ஜி பதினாலாவதைச் சேர்த்தார், போன நூற்றாண்டில் சவுங் கலைஞர் பா தான் பதினாறுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆக உங்களுடையது பழைய கணக்கில் செய்தது. கடையில் யாராவது 'இரண்டு கூட்டித் தருகிறேன்' என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பதினாலுக்குச் செய்த தோலும் வளைவும் பதினாறின் இழுப்பைத் தாங்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து? படிக்கிறவருக்குப் பதினாலே தாராளம்.

நரம்பு முன்னே பட்டு முறுக்கியது, இப்போது நைலான். நைலானைக் கம்பி என்று சொல்ல எனக்கு வாய் வராது, நரம்புதான். செட்டாகக் கிடைக்காத ஊரில் மீன்பிடி நைலானைக் கனம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இரும்புக் கம்பி மட்டும் கட்டாதீர்கள், தோலோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஒரே நாளில் முழுச் சுருதிக்கும் ஏற்றிவிடாமல், ஒரு வாரம் பாதி இழுப்பில் விட்டு, தோல் எங்கே எழும்புகிறது என்று தினம் பாருங்கள்.

கட்டுவதை நீங்களேதான் செய்ய வேண்டும். நீங்கள் கேட்ட 'கற்றுக்கொள்ள முடியுமா'வுக்குப் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முறுக்காணி கிடையாது. ஒவ்வொரு நரம்பும் குஞ்சம் தொங்குகிற சிவப்புக் கயிற்றில் முடிந்து, அந்தக் கயிறு கழுத்தைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். சுருதி ஏற வேண்டுமென்றால் கயிற்றுச் சுற்றைக் கட்டைவிரலால் நெருக்கித் திருக வேண்டும். ஒரு மயிரிழை திருகினால் சுருதி ஓடும். இன்னொரு மயிரிழை திருகினால் பக்கத்துக் கட்டு நெகிழும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பர்மிய ஸயாமா, அதாவது ஆசிரியை, முதல் மூன்று மாதம் ஒரு பாட்டும் சொல்லித் தரவில்லை. காலையில் போனால் எல்லாக் கட்டையும் அவிழ்த்து வைத்திருப்பார். கட்டிச் சுருதி சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது மனசுக்குள் திட்டினேன். காது திறந்தது அந்த மூன்று மாதத்தில்தான்.

சுருதியில் உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. முதலில் சொல்லித்தருவது 'ஹ்ஞின்லோன்' என்ற சுருதி அமைப்பு. அதில் திறந்த நரம்புகள் ச, க, ம, ப, நி என்று வரும். நம் கணக்கில் கம்பீரநாட்டை! சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்டிருப்பீர்களே, அதே ஐந்து ஸ்வரம். எனக்கு இது உறைத்த அன்று ஸயாமா வீட்டுத் திண்ணையில் மல்லாரியை வாய்விட்டுப் பாடிவிட்டேன். அவர் 'அந்தப் பாட்டை வெளியே விட்டுவிட்டு வா' என்றார். சரியாகத்தான் சொன்னார். பழைய கைகளில் காந்தாரமும் நிஷாதமும் ஹார்மோனியத்தில் இருப்பதைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கும். போனில் சுருதிப்பெட்டியை வைத்துச் சேர்த்தால் பர்மியக் காதுக்கு அது வேறு எதுவோ ஆகிவிடும். தொடங்க மல்லாரியை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறந்துவிடுங்கள்.

அப்புறம் சம்மணம் போட்டு, சவுங்கை மடியில் வைத்து, கழுத்து இடப்பக்கம், வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மீட்ட, இடக்கை அதிர்வை அடக்க வேண்டும். முதலில் வருவது 'க்யோ' பாடல்கள், மொத்தம் 13. பாடுகிறவர் ஒரு கையில் 'சீ' என்கிற சின்னத் தாளமும் மறு கையில் 'வா' என்கிற மூங்கில் கட்டையும் வைத்துக்கொண்டு காலம் பிடிப்பார். தேவாரம் பாடின உங்களுக்குத் தாளத்தில் பயமிருக்காது. ஆசிரியரைத் தேடிப் போகும்போது தேங்காயும் வாழைப்பழச் சீப்பும் தட்டில் வைத்து எடுத்துப் போங்கள். நம் வீட்டுப் பூஜைத் தட்டு மாதிரியேதான் அவர்கள் தட்டும் இருக்கும்.

கேள்வி: சவுங் நம் யாழ்தானே? தமிழர்கள் கொண்டுவந்தது என்று பர்மியர்களிடம் நாம் ஏன் சொல்வதில்லை?
– வாசகர், சிரியம்

பதில்: சொல்வதற்கு ஆதாரம் இல்லாததால்தான் தம்பி. உறவு உண்டு. பொருநராற்றுப்படையில் வரும் யாழைப் படித்துப் பாருங்கள்: விளக்குச் சுடர் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல், படமெடுத்த பாம்பு மாதிரி நிமிர்ந்த தண்டு, பெண்ணின் முன்கை வளையல்கள் போல் அடுக்கிய திவவு என்கிற நரம்புக் கட்டு. சவுங்கைப் பார்த்துக்கொண்டே எழுதினது போல இருக்கும். மோல்மீன் அம்மாவின் 14 கட்டு சிலப்பதிகாரத்து 'ஈரேழ்' நரம்பையும் ஞாபகப்படுத்துகிறது. ஆனால் புரோம் பக்கத்தில், பியூ மக்களின் பழைய நகரமான ஸ்ரீ க்ஷேத்ராவில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பத்திலேயே இந்த வளைந்த வாத்தியம் இருக்கிறது. 802-ல் சீன அரசவைக்குப் போன பியூ இசைக்குழுவும் இதைக் கொண்டுபோயிருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்று அறிஞர்கள் சொல்வதை ஏற்கலாம். எந்த ஊர்க் கப்பலில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? நம் ஆட்கள் யாழைக் கைவிட்டு வீணைக்குப் போய்விட்டார்கள். விபுலானந்த அடிகள் 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டு அதைக் கணக்குப்போட்டு மீட்க வேண்டியிருந்தது. இவர்கள் விடாமல் மடியில் வைத்திருந்தார்கள். உரிமை கேட்டுப் போவதைவிட, போய் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: டீக்கடையில் கோப்பை கழுவுகிறேன். சவுங் வாசிக்க இடக்கைக் கட்டைவிரல் நகம் வேண்டுமாமே? எனக்கு வளர வளர உடைகிறது அண்ணே.
– வாசகர், பெகு

பதில்: அந்த நகம், திறந்த நரம்பில் இல்லாத ஸ்வரத்தை வளைவுக்குப் பக்கத்தில் அழுத்தி எடுப்பதற்கு. முதல் ஆறு மாதம் அதற்கு வேலையே வராது. அதற்குள் வலது கையைப் பழக்குங்கள். ராத்திரி கடை சாத்தினதும் நகத்தில் நல்லெண்ணெய் தடவுங்கள், கோப்பை கழுவும்போது அந்த ஒரு விரலுக்கு ரப்பர் உறை போடுங்கள். முதலாளி கேட்டால் வெட்டுக்காயம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கயிற்றுக் கட்டுக்குப் பதிலாக கிட்டார் முறுக்காணி பொருத்தலாமா?
– வாசகர், தாம்வே

பதில்: பொருத்துகிறார்கள். சுருதி சட்டென்று நிற்கும். பழைய கழுத்தில் மட்டும் துளை போடாதீர்கள், புதிதாகச் செய்வதில் போடலாம். எனக்குப் பிடிக்காது, என்னுடையதில் போடவில்லை. கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது என்று வீட்டுக்காரி சொன்னாள். அவள் சவுங்கில் பதினாறும் முறுக்காணிதான், நானே பொருத்தினேன்.