இறக்கிய மறுநாள் மீன்குஞ்சுகள் செத்து மிதப்பது ஏன்?

கேள்வி: ஈரோடு பக்கத்திலிருந்து கட்லா, ரோகு விரலிகளை (விரல் நீள மீன்குஞ்சுகளை) ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்த வண்டியில் கொண்டுவந்தேன். தொட்டியில் பாதித் தண்ணீர்தான். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. நண்பகலில் வந்திறங்கியதும் நேரே குளத்தில் கொட்டினேன். அப்போது துள்ளிய குஞ்சுகளில் பெரும்பகுதி, மறுநாள் குளத்தில் செத்து மிதந்தது. பிழை எங்கே?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: ஆக்சிஜன் போதாமல் இருந்திருந்தால் குஞ்சுகள் வழியிலேயே மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, அங்கேயே இறந்திருக்கும். மறுநாள் சாவு பெரும்பாலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பட்ட அதிர்ச்சியின் விளைவே. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட அதிகம். செதிலும் வழவழப்பும் உரிந்த குஞ்சின் உடலிலிருந்து உப்பு கசிந்து வெளியேற, நீர் உள்ளே புக, அது பல மணி நேரம் தாக்குப்பிடித்துப் பின்னரே ஓய்கிறது. லிட்டருக்கு 3 கிராம் வீதம், ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ கல்லுப்பைக் கரைத்துக்கொண்டால் இந்தக் கசிவு குறையும்.

பாதித் தொட்டிதான் எனக்கு உறுத்துகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்த நீர் சுவரில் அறைய, குஞ்சுகளும் அதோடு சேர்ந்து அறைபடுகின்றன. ஏறக்குறைய நிறைந்த தொட்டியில் அலை எழ இடமில்லை. (நிறைந்தால் நீர் மட்டுமே ஒரு டன், வண்டி தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) மூடியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும், இல்லையேல் கரியமிலவாயு உள்ளேயே தங்கிவிடும்.

ஏற்றுவதற்கு முந்தைய ஒரு நாள் குஞ்சுகளுக்குத் தீவனம் போடாமல், சுத்தமான நீரில் விட்டு வைக்கச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த குஞ்சு கூடுதலாக ஆக்சிஜனைச் செலவழிப்பதோடு, அதன் கழிவால் நீரில் அம்மோனியாவும் ஏறும். வாங்கும் இடத்தில் பத்துக் குஞ்சுகளை வெள்ளை வாளியில் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் நூல் நூலாகக் கழிவு படிந்தால், அவற்றை அன்று ஏற்றாதீர்கள்.

வெயிலில் சூடேறிய குளத்தில் நேரே கொட்டியதும் தவறுதான். இரவில் கிளம்பி விடியலில் சேருங்கள். குளத்து நீரைத் தொட்டிக்குள் சிறிது சிறிதாகக் கலந்து, அரை மணி நேரமாவது பழக்கி, இரண்டிலும் கை விட்டால் ஒரே குளிர்ச்சி தெரிந்த பிறகு, உயரத்திலிருந்து கொட்டாமல், அகலக் குழாயின் நுனியைக் குளத்து நீருக்குள் அமிழ்த்தி, குஞ்சுகளை நீரோடு வழிய விடுங்கள்.